மாடில்லாத கொட்டகைகளும் மிதிவண்டிகளும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் கிராமங்களில் இரண்டு பொருள்கள் தெருவுக்குத் தெரு வீணாகிக்கொண்டிருக்கின்றன. ஒன்று, மாடில்லாத மாட்டுக்கொட்டகை. மற்றொன்று, அதன் சுவரில் சாய்த்துவைக்கப்பட்டு மழையில் நனைந்து துருவேறும் சைக்கிள். இந்த இரண்டையும் சேர்த்து ஒரு வேலைக்கூடம் ஆக்கலாம் என்பதே நாம் இங்கே சொல்ல வருவது. சிறிய விஷயம்தானே, இதற்கு ஒரு கட்டுரையா என்று இலக்கிய அன்பர்கள் கேட்கக்கூடும். ஆனால் ஒரு பெண்பிள்ளை பள்ளிக்குப் போவதும் நின்றுவிடுவதும் சில சமயம் இரண்டு அங்குலப் பிரேக் கட்டையில்தான் இருக்கிறது.

முதலில் கொட்டகையைப் பார்ப்போம். உழவுக்கு டிராக்டர் வந்தது. சந்தைக்குப் போக மொபெட்டும் மோட்டார் சைக்கிளும் வந்தன. காளைகள் முதலில் போயின, பிறகு வண்டி போயிற்று. பால்மாடு வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஆனால் நான்கு மாடு கட்டிய இடத்தில் ஒன்று நிற்கிறது, அல்லது ஒன்றும் நிற்பதில்லை. காலியான இடத்தில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தால் நம் அண்மைக்கால அரசியல் வரலாறே அடுக்கிவைக்கப்பட்டிருக்கும். 2006 தேர்தலுக்குப் பின் வந்த வண்ணத் தொலைக்காட்சியின் அட்டைப்பெட்டி, 2011க்குப் பின் வந்த கிரைண்டரின் அட்டைப்பெட்டி, அறுந்த நைலான் கட்டில், ஓடாத மோட்டார், உரச்சாக்கு, எப்போதோ கட்டவிருக்கும் வீட்டுக்கென்று வாங்கிவைத்த கம்பி. எலியும் பூரானும் தவிர வேறு யாரும் உள்ளே போவதில்லை.

இந்தப் பகுதியில் கொட்டகை என்பதைக் கொட்டாய் என்பார்கள். மாட்டுக்கொட்டாய், வண்டிக்கொட்டாய், வயலில் இருந்தால் காட்டுக்கொட்டாய். தொழுவம் என்று பாடநூலில் படித்த நம் மாணவர்கள் வீட்டில் அச்சொல்லைச் சொல்வதில்லை. இதைவிடச் சுவையானது பட்டறை என்னும் சொல். கொல்லன் வேலை செய்யும் இடமும் பட்டறைதான். பெரம்பலூர்ப் பக்கத்தில் சின்ன வெங்காயத்தைச் சேர்த்துவைக்கும் அமைப்பும் பட்டறைதான். வெங்காயப் பட்டறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு யோசித்துச் செய்யப்பட்ட பொருள் என்று. தரையிலிருந்து கல் வைத்து உயர்த்தியிருப்பார்கள். பக்கங்களில் காற்று புகுந்து வெளியேற இடைவெளி இருக்கும். மேலே கீற்று. ஈரம் சேர்ந்தால் அழுகும், காற்று ஓடினால் நிற்கும் என்ற ஒரே அறிவின் மீது அந்த அமைப்பு முழுவதும் நிற்கிறது. இரும்புக்கும் அதே விதிதான். வெங்காயத்துக்கு இத்தனை அக்கறை காட்டும் ஊரில், ஆயிரக்கணக்கில் விலை போகும் சைக்கிளை வேப்பமரத்தடியில் நிறுத்திவைப்பது நமக்கு விளங்காத புதிர்.

சைக்கிள் எப்படி வீட்டுக்கு வந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். 2001-02ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், 2005-06இல் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர், மாணவியர் அனைவருக்குமானது. ஆட்சிகள் மாறியும் நிற்காத திட்டங்களில் இது ஒன்று. இதைக் கேலி செய்கிறவர்களுடன் நமக்கு உடன்பாடு இல்லை. 2006இல் பீகார் அரசு உயர்நிலைப் பள்ளி மாணவிகளுக்கு மிதிவண்டி தந்தபோது அதன் விளைவை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் அளவு 32 விழுக்காடு கூடியதாகவும், ஆண் பெண் இடைவெளி 40 விழுக்காடு குறைந்ததாகவும் கண்டார்கள். பள்ளி தொலைவில் இருந்த ஊர்களில்தான் பயன் மிகுதி. தொலைவுதான் பகை, சக்கரம் அதைக் குறைத்தது.

தொலைவின் கதை இந்த மண்ணுக்குப் புதிதில்லை. உ.வே.சாமிநாதையர் சிறுவயதில் அரியலூரிலும் குன்னத்திலும் இருந்தவர். காரிகை பாடம் கேட்பதற்குச் செங்கணம் விருத்தாசல ரெட்டியாரைத் தேடிப் போனவர். ஓர் ஊரில் ஒரு நூல், வேறோர் ஊரில் வேறோர் ஆசிரியர் என்று அந்தக் குடும்பமே அவர் படிப்புக்காக ஊர் ஊராகக் குடிபெயர்ந்தது. நடையும் மாட்டுவண்டியும்தான் அன்றைய போக்குவரத்து. படிக்க வேண்டுமென்றால் வீட்டையே பெயர்த்துக்கொண்டு போகவேண்டிய நிலை, ஒரு சைக்கிளால் மாறிவிடும் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றியிருக்காது.

ஆனால் கொடுத்த சைக்கிள் எத்தனை நாள் ஓடுகிறது? இதுதான் கேள்வி. பதினொன்றாம் வகுப்பில் வாங்கிய வண்டி கல்லூரிக்கு வரும்வரை உயிரோடிருப்பது அபூர்வம் என்பதை நம் மாணவர்களிடம் பேசியே அறிந்திருக்கிறோம். முதல் பஞ்சரில் வண்டி நிற்கிறது. டவுனுக்குக் கொண்டுபோய் ஒட்ட ஆளில்லை. நின்ற வண்டியின் டயர் காற்றிறங்கி, ரிம்மின் கீழே நசுங்கி வெடிக்கிறது. பிறகு செயின் துருப்பிடிக்கிறது. தம்பி பெடலைக் கழற்றி விளையாடுகிறான். ஒரு நாள் பழைய இரும்பு வாங்குபவர் எடைக்குக் கொண்டுபோகிறார். அடியில் கிடப்பது ஓர் ஐந்து நிமிட வேலைதான், ஆனால் அதைச் செய்ய ஊரில் ஆளுமில்லை, இடமுமில்லை.

ஒரு காலத்தில் இரண்டும் இருந்தன. வாடகை சைக்கிள் கடை என்று ஒன்று ஊருக்கு ஊர் இருந்ததை நாற்பது வயதைக் கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மணிக்கு இவ்வளவு என்று நோட்டில் பெயரெழுதிக்கொண்டு வண்டி தருவார்கள். அந்தக் கடைதான் ஊரின் பழுதுபார்க்கும் இடமும். தண்ணீர் நிறைந்த பழைய இரும்புச் சட்டி, உப்புத்தாள், சொலுஷன் டப்பா, சுவரில் மாட்டிய டயர்கள், கறுத்த கைகளுடன் ஓர் அண்ணன். மொபெட் வந்ததும் வாடகைக்கு எடுக்க ஆள் குறைந்தது, கடை போயிற்று. கடையோடு அந்தத் தொழிலறிவும் போயிற்று. இன்று பேருந்து நிறுத்தத்தில் இருக்கும் மெக்கானிக் மோட்டார் வண்டிதான் பார்ப்பார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனால், “இதுக்கு டியூப் வெச்சுக்கிறதில்லம்மா” என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு பஞ்சருக்கு அவருக்குக் கிடைக்கும் காசில் ஒரு டீயும் வடையும்தான் வரும். நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். தொழிற்சாலையில் டயர்கள் உருவாகி லாரி லாரியாகப் போகின்றன. சுற்றுவட்டாரத்துப் பிள்ளை தன் சைக்கிளுக்கு ஒரு வால்டியூப் வாங்கப் பேருந்து ஏறவேண்டும்.

இன்னொரு முரணையும் இடையில் சொல்லிவிடலாம். ஐக்கிய நாடுகள் அவை ஜூன் 3ஆம் நாளை உலக மிதிவண்டி நாளாக 2018இல் அறிவித்தது. 2020இல் அதே ஜூன் 3 அன்றுதான் அட்லஸ் சைக்கிள் நிறுவனத்தின் சாகிபாபாத் தொழிற்சாலையில் வேலை நின்றது. நாள் குறித்துக் கொண்டாடப்படும் பொருள்களின் உடல்நிலை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது.

இந்த இரு மாவட்டங்களிலும் சைக்கிளுக்குக் கேடு செய்யும் பொருள்கள் கொஞ்சமல்ல. வரப்போரம் முழுவதும் சீமைக்கருவேல முள். மழைக்காலத்தில் கரிசல் மண் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே அப்பிக்கொண்டு சக்கரத்தைச் சுழலவிடாது. குச்சியால் குத்தி எடுத்தால்தான் வண்டி நகரும். அரியலூர்ப் பக்கமோ சுண்ணாம்புக்கல் புழுதி. தேங்காயெண்ணெய் விட்ட செயினில் அந்தப் புழுதி ஒட்டினால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததற்குச் சமம், செயினும் பல்சக்கரமும் சேர்ந்தே தேயும். இவையாவது வண்டியைத்தான் கெடுக்கும். சிமெண்டு ஆலைகளுக்குக் கல் ஏற்றிப்போகும் லாரிகள் ஓடும் சாலையில், பிரேக் பிடிக்காத சைக்கிளில் பிள்ளைகள் போகிறார்கள் என்பதை நினைத்தால் நமக்கு உள்ளங்கை வியர்க்கிறது. தேய்ந்த பிரேக் கட்டையை மாற்ற ஒரு ஸ்பானர் போதும். அந்த ஸ்பானர் வீட்டில் இல்லை. இருந்தாலும் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

ஆகவேதான் கொட்டகை. பழுதுபார்க்கும் பழக்கத்துக்கு முதல் தேவை கருவியன்று, இடம். வீட்டுக்குள் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டால் அம்மா திட்டுவார். வாசலில் போட்டால் மழை. கழற்றிய சக்கரத்தை நாளை வரை அப்படியே விட்டுவைக்க ஒரு நிழல் வேண்டும். மாட்டுக்கொட்டகையோ, இந்த வேலைக்கென்றே கட்டியதைப் போல இருக்கிறது. கழுநீர்த்தொட்டி இருக்கிறதே, அதைக் கழுவித் தண்ணீர் நிரப்பினால் டியூபைச் சுற்றிச் சுற்றி முக்கிப் பஞ்சர் பார்ப்பதற்கு அதைவிட நல்ல பாத்திரம் கிடையாது. தீவனம் வைத்த மேடை இடுப்புயரம் என்றால் அதன்மேல் ஒரு பலகை போட்டால் வேலைமேசை. மாடு கட்டிய தாம்புக்கயிறு இரண்டை உத்திரத்தில் கட்டித் தொங்கவிட்டு, ஒன்றில் சீட்டையும் மற்றொன்றில் ஹேண்டில்பாரையும் மாட்டினால் வண்டி மார்பளவில் நிற்கும். பெடலைச் சுற்றலாம், செயினைப் பார்க்கலாம், குனிந்து முதுகு ஒடிய வேண்டாம். கடைகளில் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வேலை செய்வது இடமில்லாததால் வந்த வழக்கம். வீட்டில் அதைப் பின்பற்ற வேண்டியதில்லை.

தரைதான் கொஞ்சம் தொல்லை. சாணம் மெழுகிய மண்தரை பால்ரஸ் குண்டுகளை விழுங்கிவிடும். பழைய பெரிய சைக்கிளின் பின்சக்கரத்தில் கால் அங்குலக் குண்டு 18, முன்சக்கரத்தில் அதைவிடச் சிறியது 20. ஒன்று தொலைந்தாலும் சக்கரம் ஆடும். இதற்குச் சிமெண்டு போடத்தான் வேண்டும் என்பதில்லை (அரியலூரில் இருந்துகொண்டு இதைச் சொல்வது துரோகமாகத் தோன்றலாம்). நம் ஊரில் குறைவில்லாமல் கிடைக்கும் பொருள் ஃபிளெக்ஸ் பேனர். தலைவரின் முகம் கீழே இருக்கும்படி விரித்தால் மேலே வெள்ளைப் பக்கம் வரும். விழுந்த குண்டு பளிச்சென்று தெரியும். குண்டுகளைப் போட்டுவைக்கக் கொட்டாங்கச்சி, வலம் ஒன்று இடம் ஒன்று. இரண்டையும் கலக்காமலிருப்பது பாதித் தொழில்.

கருவிகள் என்று பெரிதாக ஒன்றுமில்லை. காற்றடிக்கும் பம்பு, அளவுக்கேற்ற ஸ்பானர்கள், திருப்புளி, டயர் கழற்றும் லீவர் இரண்டு, உப்புத்தாள், சொலுஷன், பழைய டியூபிலிருந்து வெட்டிய துண்டுகள், போக்ஸ் கம்பி முடுக்கும் சாவி, கிரீஸ், மண்ணெண்ணெய், தையல் மிஷின் எண்ணெய். இவற்றைப் பெட்டியில் போட்டு மூடினால் மறுபடியும் அட்டைப்பெட்டிக் கதைதான். சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றின் வடிவத்தையும் கரியால் சுற்றி வரைந்துவிட வேண்டும். எடுத்தவர் திருப்பி மாட்டவில்லை என்றால் சுவரே காட்டிக்கொடுக்கும். ஈரம் ஏறாமலிருக்கத் தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு மேல்தான் எதையும் வைக்கவேண்டும். வெங்காயப் பட்டறை சொல்லித்தரும் பாடம் இது. ஓட்டுக்கூரை என்றால் நடுவில் ஒரு கண்ணாடி ஓடு மாற்றினால் பகலில் விளக்கு வேண்டாம்.

சக்கரத்தின் கோட்டம் எடுப்பது மந்திரவித்தை என்று பலர் நினைக்கிறார்கள். சுழலும் ரிம்முக்கு மிக அருகில் ஒரு சாக்பீஸை அசையாமல் பிடித்தால், வளைந்து வெளியே வரும் இடத்தில் மட்டும் கோடு விழும். கோடு வலப்பக்கம் விழுந்தால் அவ்விடத்து இடப்பக்கக் கம்பியைக் கால் திருகு முடுக்க வேண்டும். மறுபடி சுற்றிப் பார்க்கவேண்டும். பழைய வண்டியில் பின்சக்கரத்துக்கு 40 கம்பி, முன்சக்கரத்துக்கு 32. பொறுமை இருந்தால் ஒரு பிற்பகலில் முடியும். புறநானூற்றின் 87ஆம் பாட்டில், நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரு மாதம் முயன்று செய்த ஒரே ஒரு சக்கரத்துக்கு அதியமானை ஔவையார் ஒப்பிடுகிறார். வகுப்பில் நாம் அதை உவமை என்று எழுதிப்போட்டுவிட்டு நகர்கிறோம். கோட்டம் எடுத்துப் பார்த்த மாணவனுக்கு அது வேறு பாட்டாகத் தெரியும். உப்பு வணிகர் மேடும் பள்ளமுமான வழியை எண்ணி வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போன செய்தியை 102ஆம் பாட்டு சொல்கிறது. சேமஅச்சு என்று அதற்குப் பெயர். ஸ்பேர் பார்ட் என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடிக் கூட்டம் போடுகிறவர்கள் அங்கே போய்ப் பார்க்கலாம். கொட்டகையில் ஒரு சேம டியூபும் சேம பிரேக் கட்டையும் மாட்டிவைப்பது இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம்தான்.

வெளிநாட்டில் கொட்டகைக்கு இருக்கும் மரியாதை வேறு. 1896 ஜூன் மாதம் ஹென்றி ஃபோர்டு தன் முதல் மோட்டார் வண்டியை டெட்ராய்ட் நகரில் வாடகை வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில்தான் செய்துமுடித்தார். நான்கும் சைக்கிள் சக்கரங்கள். முடித்த பிறகுதான் தெரிந்தது, வண்டி வாசலைவிட அகலம் என்று. சுவரின் செங்கல்லை உடைத்து வெளியே கொண்டுவந்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன், மகனின் மூன்றுசக்கர வண்டி கல்தரையில் குதிப்பதைப் பொறுக்காமல் ரப்பர்க் குழாயில் காற்றடைத்துப் பார்த்து, 1888இல் காற்று டயருக்குக் காப்புரிமை பெற்ற டன்லப், பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவர். மாட்டு வைத்தியர் தந்த டயருக்கு மாட்டுக்கொட்டகையில் ஒட்டுப் போடுவது பொருத்தம்தானே.

மரியாதை என்றோமே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. நம் சமூகத்தில் கையில் எண்ணெய்க்கறை படுவது தாழ்வு. படித்தவன் கை வெள்ளையாக இருக்கவேண்டும் என்ற எண்ணம் சாதியோடு பிறந்தது, பட்டப்படிப்போடு வளர்ந்தது. கம்மியர் பெருமையைச் சிலப்பதிகார வகுப்பில் நாள்கணக்கில் பேசும் தமிழாசிரியர் வீட்டில் ஒரு திருப்புளி இருக்காது. “எம்புள்ளய மெக்கானிக்காக்கவா படிக்க வெச்சேன்?” என்று கேட்கும் தந்தையின் அச்சத்தையும் நாம் இகழவில்லை. பரம்பரைத் தொழிலிலிருந்து தப்பிக்கவே அவர் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினார். ஆனால் பிறருக்காகக் கூலிக்குச் செய்யும் கட்டாயம் வேறு, தன் வண்டியைத் தானே அறிந்துவைத்திருக்கும் விடுதலை வேறு. முன்னதைப் பார்த்து அஞ்சிப் பின்னதையும் இழக்க வேண்டுமா?

பெண்பிள்ளைகளுக்கு இந்த விடுதலை இன்னும் தேவை. பக்கத்தில் இருக்கும் புதுக்கோட்டையில் 1991, 92ஆம் ஆண்டுகளில் அறிவொளி இயக்கம், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், பெண்களைச் சைக்கிள் ஏறவைத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றதாகப் பி.சாய்நாத் எழுதியிருக்கிறார். பெண்கள் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். முன்கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று சிலர் அதையே விரும்பினார்கள். ஏறுவதற்கே அத்தனை கேலியைத் தாண்டவேண்டியிருந்தது. இப்போது கேலி ஓய்ந்துவிட்டது. ஆனாலும் பஞ்சர் ஆனால் அண்ணன் வரவேண்டும், அப்பாவுக்கு நேரம் கிடைக்கவேண்டும், அதுவரை வீட்டில் இருக்கவேண்டும். ஓட்டத் தெரிந்தவளுக்கு ஒட்டத் தெரியாததால் அவளுடைய பயணத்தின் சாவி இன்னும் வேறொருவர் கையில்தான் இருக்கிறது.

எல்லார் வீட்டிலும் கொட்டகை உண்டா என்று கேட்டால், இல்லை. நிலமும் மாடும் இருந்தவர் வீட்டில்தான் கொட்டகை இருக்கும். சைக்கிளை நம்பியே இருக்கும் பிள்ளைகள் பலர் தொகுப்பு வீடுகளிலிருந்து வருகிறார்கள். அங்கே வாசலுக்கும் தெருவுக்கும் இடையே ஒரு சாணும் இல்லை. ஆகவே தனித்தனிக் கொட்டகை என்பதோடு நின்றால் இது வசதியுள்ளவர் பொழுதுபோக்காகிவிடும். தெருவுக்கு ஒரு கொட்டகை திறக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று மணி நேரம் கதவு திறந்திருந்தால் போதும். 2009இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டின் போஸ்ட்மா தொடங்கிய பழுதுநீக்கும் கூடல்கள் பல நாடுகளுக்குப் பரவியது இந்த எளிய ஏற்பாட்டால்தான்: தெரிந்தவர் உட்கார்ந்திருப்பார், தெரியாதவர் தன் பொருளோடு வருவார், இருவரும் சேர்ந்து சரிசெய்வார்கள். அங்கே வராத ஒரு கேள்வி இங்கே வரும். ஊர்த்தெருக் கொட்டகைக்குள் காலனிப் பிள்ளை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வர முடியுமா? வர முடியாத கொட்டகை நமக்கு வேண்டாம். அப்படிப்பட்ட ஊரில் பள்ளிக்கூடத்து வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு மூலையை ஒதுக்கிக் கயிறு கட்டுவதே மேல்.

ஈழத்து நண்பர்களிடம் துவிச்சக்கரவண்டி என்று சொல்லிப் பாருங்கள், அவர்கள் முகம் மாறும். 1990களில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் பெட்ரோல் இல்லை, மின்சாரம் இல்லை, பேட்டரியும் இல்லை. நோயாளி, விறகு, அரிசி மூட்டை எல்லாம் சைக்கிளில் போயின. வண்டியைக் கவிழ்த்துவைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து கம்பி இழுத்து வானொலியில் செய்தி கேட்டார்கள். கையில் உள்ள பொருளை ஆணிவேர் வரை அறிந்திருந்த சமூகத்தால் மட்டுமே அது முடிந்தது. அப்படியொரு நெருக்கடி வந்துதான் நாமும் கற்கவேண்டும் என்பதில்லை.

அரசிடம் கேட்பதற்கும் ஒன்று உண்டு. பதினொன்றாம் வகுப்பில் வண்டி கொடுக்கும் அன்றைக்கு, பத்து வண்டிக்கு ஒரு கருவிப்பெட்டி என்று பள்ளிக்குத் தரலாம். அரசு தொழிற்பயிற்சி நிலையத்து மாணவர்கள் ஒரு நாள் வந்து டயர் கழற்றி மாட்டவும் பிரேக் கட்டை மாற்றவும் காட்டலாம். செயினில் அரை அங்குலத்துக்கு ஒரு கண்ணி, ஓரடிக்கு 24. அந்த 24 கண்ணி ஓரடியைத் தாண்டிப் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் நீண்டால் செயினை மாற்றவேண்டும். இதைக் கணக்குப் பாட வேளையிலேயே அளந்துபார்க்கலாம். நாட்டுநலப்பணித் திட்ட முகாம்களில் கோயில் வளாகத்தைக் கூட்டுவதோடு, ஊரில் நிற்கும் சைக்கிள்களைக் கணக்கெடுத்து, ஓடக்கூடியவற்றை ஓடவைக்கலாம்.

அதுவரை, வருகிற ஞாயிற்றுக்கிழமை அட்டைப்பெட்டிகளை வெளியே எடுத்துப் போட்டுக் கழுநீர்த்தொட்டியைக் கழுவி வைக்கலாம். பூரான் இருக்கும், செருப்பு போட்டுக்கொள்ள வேண்டும்.